லொட்ஜ் என்றால் எந்த லொட்ஜ்?



சென்ற மாதம் எமது வானொலியில் தங்குமிடங்கள் பற்றி நான் பேசியதை எழுத்திலும் தரும்படி பலர் தொலைபேசியில் கேட்டிருந்தீர்கள். கோடை விடுமுறை வருகிறது. கலியாணங்கள் வருகின்றன. லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் ஊரிலிருந்தும் சொந்தக்காரர் வந்து இறங்கப் போகிறார்கள். எல்லாரையும் வீட்டுக்குள் படுக்கவைக்க முடியாது. எங்கே தங்கவைப்பது, எதற்கு எவ்வளவு கொடுப்பது என்பதுதான் இப்போது பல வீடுகளில் பேச்சு. வானொலியில் நேரம் போதாமல் விட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

இந்த விடயத்தை நான் எடுத்ததற்குக் காரணம் என் அம்மா. மூன்று கோடைகளுக்கு முன்னர் பிள்ளைகளின் ஆசைக்காக மஸ்கோகாப் பக்கம் ஏரிக்கரையில் உள்ள ஒரு லொட்ஜில் மூன்று இரவுக்கு இடம் பதிவு செய்தேன். இரவுச் சாப்பாட்டின்போது மகள் சந்தோசமாக, “அப்பம்மா, நாங்கள் லொட்ஜுக்குப் போகிறோம்” என்று சொன்னாள். அம்மா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டார்.

“தம்பி, நான் வரேல்லை. நீங்கள் போட்டு வாங்கோ. லொட்ஜிலை இருந்தது எனக்குக் காணும்.”

என் பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. 1998இல் அம்மாவும் தங்கச்சியும் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் கொழும்புக்குப் போய், நான் இங்கிருந்து போட்ட ஸ்பொன்சர் சரிவரும்வரை கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் பதினொரு மாதம் இருந்தார்கள். ஒரு யன்னல், அது பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்தபடி. பொலிஸ் பதிவுத் துண்டு எப்போதும் கைப்பையில் இருக்கவேண்டும். நடுச்சாமத்தில் கதவைத் தட்டி அடையாள அட்டை பார்ப்பார்கள். காலையில் மனேச்சர் வந்து “இன்னும் எத்தினை நாள் நிப்பீங்கள்?” என்று கேட்பாராம். அவர் கெட்ட மனிதர் இல்லை, கணக்கெழுதுவதற்காகக் கேட்டார் என்று அம்மாவே சொல்வார். ஆனாலும் அந்தக் கேள்வி அவருடைய மனதில் தங்கிவிட்டது.

அம்மாவின் பயம் வெறும் மனப்பிரமை அல்ல. 2007 யூன் 7ஆம் திகதி அதிகாலை கொழும்பு லொட்ஜுகளுக்குள் பொலிசார் புகுந்து 376 தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். தகுந்த காரணமின்றித் தங்கியிருக்கிறார்கள் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். மறுநாள் உயர் நீதிமன்றம் தடை உத்தரவு கொடுத்த பிறகே அது நின்றது. அம்மா அப்போது இங்கே வந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. அன்று முழுக்க வானொலிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தார்.

ஆக, ‘லொட்ஜ்’ என்ற அதே சொல் கொட்டாஞ்சேனையில் ஒன்றைக் குறிக்கிறது, மஸ்கோகாவில் வேறொன்றைக் குறிக்கிறது. ‘ஹொட்டல்’ என்ற சொல்லும் அப்படித்தான். எங்கள் ஊரில் ஹொட்டல் என்றால் தோசையும் வடையும் சாப்பிடுகிற இடம், படுக்கிற இடம் அல்ல. நான் கனடாவுக்கு வந்த புதிதில் ஒருவர் “ஹொட்டலில் வேலை” என்று சொன்னபோது கோப்பை கழுவுகிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு நானே விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹொட்டலில் பதினொரு வருடம் இரவு வரவேற்பு மேசையில் நின்றேன். அந்த மேசைக்குப் பின்னால் நின்று கற்றதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

முதலில் ஹொட்டல். இதன் அடையாளம் கட்டடத்தின் பெருமை அல்ல. உங்கள் அறைக் கதவு ஒரு உள் நடைபாதையில் திறக்கும். வெளியிலிருந்து வருகிற எவரும் வரவேற்பு மேசையைக் கடந்துதான் உள்ளே வரவேண்டும். அந்த மேசையில் இரவு முழுவதும் ஓர் ஆள் இருப்பார். நீங்கள் கொடுக்கும் கூடுதல் காசில் ஒரு பகுதி அந்த ஆளுக்குத்தான் போகிறது. இரவு இரண்டு மணிக்கு வயதான அம்மாவுக்கு நெஞ்சு நோகிறது என்றால் அம்புலன்ஸைக் கூப்பிட்டு, லிவ்ற்றைப் பிடித்து வைத்து, சரியான கதவைத் திறந்துவிட ஒருவர் இருப்பது சின்ன விடயம் இல்லை. நான் அதை நாலைந்து தடவை செய்திருக்கிறேன்.

நட்சத்திரக் கணக்கைப் பற்றிப் பலர் கேட்டீர்கள். ஒன்ராறியோவில் அரசாங்கம் எந்த ஹொட்டலுக்கும் நட்சத்திரம் கொடுப்பதில்லை. பதிவு செய்யும் இணையத்தளங்களில் காண்பவை அந்தந்தத் தளமோ சுற்றுலா அமைப்புகளோ தங்கள் அளவுகோலில் போட்டவை. ஒரு தளத்தில் மூன்று நட்சத்திரம் உள்ள இடம் இன்னொன்றில் மூன்றரையாக இருக்கும். நட்சத்திரத்தைப் பார்ப்பதை விட, லிவ்ற் இருக்கிறதா, காலைச் சாப்பாடு விலைக்குள் அடங்குமா, வாகனத் தரிப்புக்குத் தனிக் காசா என்று தொலைபேசியில் கேட்பது பயன் தரும். ரொறொன்ரோ நகர மத்தியில் தரிப்புக் காசே சிலவேளை அறைக் காசின் கால்வாசிக்கு வந்துவிடும்.

ஹொட்டல்களுக்குள் ‘சூட்’ என்று ஒரு வகை உண்டு. சின்னக் குசினி, குளிரூட்டிப் பெட்டி, அடுப்பு எல்லாம் அறைக்குள்ளேயே இருக்கும். நீண்ட நாள் தங்குகிறவர்களுக்காக வந்தது இது. ஊரிலிருந்து வந்த நீரிழிவுக்காரப் பெரியவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்பது என் அபிப்பிராயம். புட்டவிக்கலாம், மருந்தைக் குளிரில் வைக்கலாம். சாதாரண அறைக்குள் சோறு அவிக்கும் பானையைக் கொண்டுவந்து கறி தாளிக்கிறவர்களையும் நான் கண்டிருக்கிறேன். புகை அலாரம் அடித்து, மூன்றாம் மாடி முழுவதும் பனிக்குள் இறங்கி நின்றது ஒருமுறை. சாரத்தோடு நின்ற அந்த ஐயா என்னைப் பார்த்து, “தம்பி தமிழோ?” என்று கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வந்தது. ஆனால் சட்டையில் பெயர் குத்தியிருந்ததே!

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கலியாண நாட்களில் இரண்டு பேருக்கென்று பதிந்த அறைக்குள் ஒவ்வொருவராக எட்டுப் பேர் போவதுண்டு. மேசையில் நிற்பவருக்கு அது தெரியாது என்று நினைக்காதீர்கள். காசுக்காக மட்டும் அந்தக் கணக்கு வைப்பதில்லை. நெருப்புப் பிடித்தால் எந்த அறையில் எத்தனை பேர் என்று தீயணைப்புப் படைக்குச் சொல்ல வேண்டும். இரண்டு பேர் என்று எழுதியிருந்தால் அவர்கள் இரண்டு பேரைத்தான் தேடுவார்கள்.

இனி மோட்டலுக்கு வருவோம். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் ஸ்காபரோவில் எங்கள் சனத்துக்கும் மோட்டலுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு.

மோட்டர், ஹொட்டல் என்ற இரண்டு சொற்களையும் ஒட்டி உண்டாக்கியதுதான் மோட்டல். 1925இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சான் லூயிஸ் ஒபிஸ்போ என்ற ஊரில் ஆதர் ஹைன்மன் என்ற கட்டடக் கலைஞர் கட்டிய இடத்துக்குத்தான் அந்தப் பெயர் முதலில் வந்தது. கார் வைத்திருப்பவர்கள் தூரப் பயணம் போகத் தொடங்கிய காலம். லொஸ் ஏஞ்சலிசிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஒரே நாளில் ஓடி முடிக்க முடியாது, நடுவில் படுக்க ஓர் இடம் வேண்டும். காரை அறை வாசலிலேயே விட்டு, சாமானை இறக்கி, படுத்து எழும்பி, காலையில் போய்விடலாம். இதனால்தான் மோட்டலில் அறைக் கதவு நேரே தரிப்பிடத்தில் திறக்கிறது. கட்டடம் ஒரு மாடி அல்லது இரண்டு மாடிதான் இருக்கும். வரவேற்பு மேசையைக் கடக்காமலே எவரும் உங்கள் கதவு வரை வரலாம்.

ரொறொன்ரோவுக்குள் கிழக்கேயிருந்து வருகிற பழைய பாதை கிங்ஸ்ரன் வீதி. அதுதான் அப்போது இரண்டாம் இலக்க நெடுஞ்சாலை. மொன்றியலிலிருந்து வருபவர்கள் அதால்தான் வரவேண்டும். ஆகவே வீதியின் இருபக்கமும் வரிசையாக மோட்டல்கள் முளைத்தன. 1950களில் 401 நெடுஞ்சாலை வரத் தொடங்கியதும் வாகனங்கள் அங்கே போய்விட்டன. மோட்டல்கள் வெறுமையாயின. வெறுமையான கட்டடத்துக்கு வேறு ஆட்கள் வந்தார்கள்: வீடில்லாத குடும்பங்கள், பிறகு அகதிக் கோரிக்கை வைத்தவர்கள். நகரத்தின் அவசர தங்குமிடங்களில் இடம் நிரம்பியபோது குடும்பங்களை இந்த மோட்டல்களில்தான் இருத்தினார்கள். இன்று அவற்றில் பல இடிக்கப்பட்டு உயரமான தொடர்மாடிகள் எழும்பிவிட்டன. காரில் போகும்போது பார்த்தால் ஒன்றிரண்டு பழைய விளம்பரப் பலகைகள் மட்டும் தெரியும்.

என் அக்கா குடும்பம் 1991இல் வந்தபோது அப்படி ஒரு மோட்டலில் ஆறு கிழமை இருந்தார்கள். இரண்டு கட்டில், நான்கு பேர். குளியலறைக்குள் மின்னடுப்பை வைத்துச் சமைத்தார்கள். அத்தான் பக்கத்து அறைகளில் இருந்த சோமாலியக் குடும்பத்தோடு சிநேகிதமாகி, அவர்களுடைய பிள்ளைகளும் அக்காவின் பிள்ளைகளும் தரிப்பிடத்தில் சேர்ந்து விளையாடுவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மனேச்சர் வந்து, நீண்ட வார இறுதிக்கு உல்லாசப் பயணிகள் வருகிறார்கள், திங்களுக்குள் அறையை விடவேண்டும் என்றார். அக்கா அன்று எனக்குத் தொலைபேசி எடுத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டா: “இப்பிடிச் சொல்ல அவைக்கு உரிமை இருக்கோ?”

அப்போது எனக்கு விடை தெரியாது. இப்போது தெரியும். ஒன்ராறியோவின் இன்றைய வாடகைக் குடியிருப்புச் சட்டம் 2006இல் நிறைவேறி 2007 சனவரி கடைசியில் நடைமுறைக்கு வந்தது. அதன் ஐந்தாம் பிரிவைப் பாருங்கள். பயணிகளுக்கென்று நடத்தப்படும் ஹொட்டல், மோட்டல், லொட்ஜ், இன், கொட்டேஜ், முகாமிடம், பெட் அன்ட் பிரேக்ஃபாஸ்ற் ஆகியவற்றில் தற்காலிகமாக இருப்பவர் இந்தச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வரமாட்டார். அதாவது அவர் விருந்தாளி, வாடகைக் குடியிருப்பாளர் அல்ல. அடுக்குமாடி வீட்டிலிருந்து உங்களை எழுப்ப முறைப்படியான அறிவித்தல் வேண்டும், வாடகைச் சபையின் உத்தரவு வேண்டும். விருந்தாளிக்கு அவை எதுவும் தேவையில்லை. பதிந்த நாள் முடிந்தால் முடிந்ததுதான்.

இதைச் சொல்லும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளியே தொங்கும் பலகையில் மோட்டல் என்று எழுதியிருப்பதால் மட்டும் முடிவு வந்துவிடாது. வேறு வீடில்லாமல் மாதக்கணக்காக அதையே வீடாக வைத்து, மாத வாடகை கட்டி இருந்தவர் தன்னைக் குடியிருப்பாளராகக் கருதும்படி வாடகைச் சபையில் கேட்கலாம். சபை உண்மை நிலைமையைப் பார்த்துத் தீர்மானிக்கும். அப்படிப்பட்ட நிலையில் யாராவது இருந்தால், கட்டிய காசுக்கான துண்டுகளை எறியாமல் வைத்திருங்கள். உங்கள் பகுதியிலுள்ள சமூகச் சட்ட உதவி நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள். வருமானம் குறைந்தவர்களிடம் அவர்கள் காசு வாங்குவதில்லை.

இதையெல்லாம் கேட்டு மோட்டல் கூடாது என்று எண்ணிவிடாதீர்கள். நயாகராவுக்கு இரவில் போய்ச் சேர்ந்து, விடியப் புறப்படுகிற நாலு பேர் குடும்பத்துக்கு சுத்தமான ஒரு மோட்டல் போதும். கால் ஏலாத பெரியவர்களுக்கு லிவ்ற் இல்லாமல் நிலமட்ட அறை கிடைப்பதும் வசதி. கீழ் அறையா மேல் அறையா என்று மட்டும் முதலே கேளுங்கள். நகை நட்டோடு போகிறவர்கள் மோட்டலைத் தவிர்ப்பது நல்லது. ஹொட்டலிலும்கூட அறைக்குள் வைத்த நகை காணாமல் போனால், ஹொட்டல்காரரின் தவறோ கவனக்குறைவோ என்று காட்டாவிட்டால் அவரிடமிருந்து பெரிதாக ஒன்றும் கிடைக்காது. பாதுகாப்புக்கென்று அவர்களிடம் ஒப்படைத்துத் துண்டு வாங்கினால் நிலைமை வேறு. தாலிக்கொடி போட்டுக்கொண்டு கலியாணத்துக்கு வருகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

‘இன்’ என்ற பெயரைப் பற்றி ஒரு நேயர் கேட்டார். அது இப்போது பெயர்தான். பழைய கல்வீட்டிலும் இருக்கும், நெடுஞ்சாலையோரப் பெருங்கட்டடத்திலும் இருக்கும். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தில் 1952இல் முதலாவது ஹொலிடே இன்னைத் தொடங்கிய கெமன்ஸ் வில்சன், அதற்கு முந்திய வருடம் குடும்பத்தோடு பயணம் போனபோது மோட்டல்கள் பிள்ளைகளுக்கென்று தனித்தனியாகக் காசு வாங்கியதில் கோபம் கொண்டவர். அவருக்குப் பிள்ளைகள் ஐந்து. தன்னுடைய இடத்தில் பெற்றோரோடு படுக்கிற பிள்ளைகளுக்குக் காசு இல்லை என்றார். இன்று பல இடங்களில் பிள்ளைகளுக்குக் காசு இல்லை என்று போட்டிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, லொட்ஜ். ஒன்ராறியோவில் லொட்ஜ் என்றால் காட்டுக்கும் ஏரிக்கும் நடுவே, உல்லாசத்துக்கென்று போகிற இடம். 1875இல் கிறேவன்ஹேர்ஸ்ற் வரை ரயில் வந்தபின் ரொறொன்ரோவின் வசதியான குடும்பங்கள் ரயிலிலும் பிறகு நீராவிப் படகிலும் ஏறி மஸ்கோகா ஏரிகளுக்குப் போகத் தொடங்கின. அவர்களுக்காகப் பெரிய மரக் கட்டடங்கள் எழும்பின. நடுவில் ஒரு பொதுக் கட்டடம், அதில் சாப்பாட்டறை, கணப்பு. சுற்றிவரச் சின்னச் சின்ன மரவீடுகள். சில லொட்ஜுகளில் மூன்று நேரச் சாப்பாடும் விலைக்குள் அடங்கும். இதை ‘அமெரிக்கன் பிளான்’ என்பார்கள். விலையைப் பார்த்தால் தலை சுற்றும், ஆனால் சாப்பாட்டையும் கூட்டிப் பார்த்தால் அவ்வளவு மோசம் இல்லை. சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே சொல்லுங்கள். அங்கே போய்ச் சொன்னால் மூன்று நாளும் உருளைக்கிழங்குதான்.

இதற்குப் பக்கத்தில் ‘ஹவுஸ்கீப்பிங் கொட்டேஜ்’ என்று ஒன்று உண்டு. இந்தப் பெயர் எங்களை நன்றாக ஏமாற்றியது. ஹொட்டலில் ஹவுஸ்கீப்பிங் என்றால் யாரோ வந்து கட்டிலை விரித்து, குப்பையை எடுப்பது. இங்கே அதற்கு நேர் எதிர். வீட்டை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே பொருள். சட்டி பானை இருக்கும், அடுப்பு இருக்கும். விரிப்பு, துவாய், சவர்க்காரம் பெரும்பாலும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். 2002இல் நாங்கள் இரண்டு குடும்பம், எல்லாம் தருவார்கள் என்று நம்பி, இறைச்சியும் மீனும் மட்டும் கட்டிக்கொண்டு கவார்த்தா ஏரிப் பக்கம் போய் இறங்கினோம். கட்டிலில் வெறும் மெத்தை. அன்றிரவு என் மனைவியின் இரண்டு சேலையும் நண்பரின் சாரங்களும்தான் விரிப்பு. ஆனால் சொல்லத்தான் வேண்டும், அடுத்தநாள் பிடித்த மீனை அங்கேயே குழம்பு வைத்துச் சாப்பிட்டதைப்போல எந்தப் பெரிய ஹொட்டலிலும் நான் சாப்பிட்டதில்லை.

பெட் அன்ட் பிரேக்ஃபாஸ்ற் என்பது ஒருவருடைய வீடு. வீட்டுக்காரர் ஒரு பகுதியில் இருப்பார், மற்ற அறைகளில் நீங்கள். காலையில் அவர் சமைத்ததை, பெரும்பாலும் மற்ற விருந்தாளிகளோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிட வேண்டும். ஸ்ராற்ஃபோர்ட் நகரத்தில் 1953இல் நாடக விழா தொடங்கியபோது வந்த கூட்டத்துக்கு ஹொட்டல் போதாமல் ஊர்ச் சனம் தங்கள் வீட்டு அறைகளைத் திறந்துவிட்டது. அந்தப் பழக்கம் அங்கே இன்றும் இருக்கிறது. புதுமணத் தம்பதிகளுக்கு நல்லது. இரவு பன்னிரண்டு மணிக்குச் சிரித்துப் பேசுகிற எங்கள் பெரிய குடும்பங்களுக்குச் சரிவராது. நான் ஒருமுறை போய், கழிவறைக்குப் போகவே கூச்சப்பட்டு இருந்துவிட்டு வந்தேன்.

ஹொஸ்டல் என்றதும் எங்களுக்குப் பள்ளிக்கூட விடுதிதான் நினைவுக்கு வரும். பயணிகளுக்கான ஹொஸ்டல் ஜேர்மனியில் தோன்றியது. ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளிக்கூட ஆசிரியர், மாணவர்கள் மலிவாகத் தங்கவென 1912இல் அல்தேனா என்ற ஊரின் பழைய கோட்டைக்குள் ஒரு நிரந்தர விடுதியைத் திறந்தார். கனடாவில் முதலாவது, 1933இல் அல்பேர்ட்டாவின் பிராக் கிறீக் என்ற இடத்தில் மேரி, கத்தரின் பார்க்லே என்ற இரண்டு சகோதரிகள் போட்ட ஒரு கூடாரம். இங்கே நீங்கள் வாங்குவது அறையை அல்ல, ஒரு கட்டிலை. ஆறு பேர், எட்டுப் பேர் படுக்கும் அறை, பொதுக் குசினி, பொதுக் குளியலறை. சில இடங்களில் குடும்ப அறையும் உண்டு. பூட்டு நீங்கள் கொண்டுபோகவேண்டும். பல்கலைக்கழகம் போகிற பிள்ளைகள் கேட்டால் பயப்படாமல் விடுங்கள். பெண்களுக்கென்று தனி அறை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஒட்டாவாவில் நிக்கலஸ் வீதியில் ஒரு கட்டடம் இருக்கிறது. 1862இலிருந்து 1972வரை அது சிறைச்சாலை. 1869இல் அங்கேதான் பற்றிக் வேலன் என்பவரைத் தூக்கிலிட்டார்கள். மூடிய மறுவருடமே ஹொஸ்டலாக்கினார்கள். சிறைக் கூடுகளுக்குள் கட்டில் போட்டிருந்தது. என் மகன் பாடசாலையால் அங்கே போய் இரண்டு இரவு படுத்துவிட்டு வந்து, படங்களைக் காட்டினான். வீட்டுக்கு வந்திருந்த எங்கள் மாமா அவற்றைப் பார்த்தார். அவர் 1980களில் பூசா முகாமில் ஒன்றரை வருடம் இருந்தவர். “காசு குடுத்தோ படுத்தனீ?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். பிறகு படத்தைத் திரும்ப வாங்கி, கூட்டின் அகலத்தைப் பார்த்து, “இது பறவாயில்லை, கால் நீட்டலாம்” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியாக, இப்போது எல்லாரும் தேடுகிற குறுகியகால வாடகை வீடுகள். பத்துப் பேர் வந்தால் நான்கு ஹொட்டல் அறையை விட ஒரு வீடு மலிவு, சமைக்கலாம், எல்லாரும் ஒன்றாக இருக்கலாம். ஆனால் ஹொட்டலில் இருக்கிற இரவு ஆள் இங்கே இல்லை. ஆபத்து வந்தால் நீங்கள்தான். ரொறொன்ரோவில் ஒருவர் தான் உண்மையாகக் குடியிருக்கும் வீட்டை மட்டுமே இப்படிக் கொடுக்கலாம். நகரசபையில் பதியவேண்டும். முழு வீட்டையும் வருடத்தில் 180 இரவுக்கு மேல் கொடுக்கக் கூடாது. விளம்பரத்தில் பதிவு இலக்கம் இருக்கவேண்டும். இலக்கம் இல்லாத வீட்டை எடுக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்டால் மொன்றியலைப் பாருங்கள். 2023 மார்ச் 16இல் பழைய மொன்றியலில் ஒரு கட்டடம் எரிந்து ஏழு பேர் இறந்தார்கள். குறுகியகால வாடகைக்கு வந்து தங்கியிருந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அந்தப் பகுதியில் அப்படி வாடகைக்கு விட அனுமதியே கிடையாது. அதன் பின்னர் கியூபெக் அரசாங்கம் சட்டத்தை இறுக்கியது. நீங்கள் எடுக்கிற வீட்டில் படுக்கையறை ஒவ்வொன்றிலும் திறக்கக்கூடிய யன்னல் உண்டா, புகை அலாரம் வேலை செய்கிறதா, இரண்டாவது வாசல் எங்கே என்று போன உடனேயே பாருங்கள். பெட்டிகளைப் பிறகு திறக்கலாம்.

காசு விடயம் இரண்டு சொல்லி முடிக்கிறேன். ரொறொன்ரோவில் அறைக் காசோடு 13 சதவீத விற்பனை வரி மட்டும் அல்ல, நகரசபையின் தங்குமிட வரியும் உண்டு. 2018இல் 4 சதவீதமாகத் தொடங்கியது 2023இல் 6 ஆகி, உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தை முன்னிட்டு 2025 யூன் முதல் 2026 யூலை முடிவு வரை என்று 8.5 ஆக்கப்பட்டது. அந்த வீதத்தில் 200 டொலர் அறை 240ஐத் தாண்டும். நயாகராவில் சில இடங்களில் ‘சுற்றுலா மேம்பாட்டுக் கட்டணம்’ என்ற மாதிரி ஒரு வரி போல எழுதியிருப்பார்கள். அது அரசாங்க வரி அல்ல, வியாபாரிகள் தாங்களாகப் போடுவது. மரியாதையாகக் கேட்டால் எடுத்துவிடுகிற இடங்களும் உண்டு. மற்றது, போய் இறங்கியதும் கார்டில் ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள். கிறெடிட் கார்ட் என்றால் சேதம் இல்லை. வங்கி டெபிட் கார்டைக் கொடுத்தால் உங்கள் சொந்தக் காசு சில நாள் முடங்கிக் கிடக்கும். வாடகைக் காசு இருக்கிற கணக்கைக் கொடுத்துவிட்டு அந்தரப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

அம்மாவின் கதையை நடுவில் விட்டுவிட்டேன். வரமாட்டேன் என்றவரை இழுத்துக்கொண்டு போகவில்லை. மகள்தான் கணினியில் அந்த லொட்ஜின் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, “அப்பம்மா, யன்னலைப் பாருங்கோ, தண்ணி தெரியுது” என்றாள். யன்னலைப் பார்த்தபிறகுதான் அம்மா மருந்துப் பெட்டியை எடுத்து வைத்தார். போய் இறங்கியதும் பொதுக் கட்டடத்தில் பதிவேட்டில் பெயர் எழுதச் சொன்னார்கள். அம்மா என் கையைப் பிடித்து, “இதைப் பொலிசிட்டைக் குடுப்பினமோ?” என்று காதுக்குள் கேட்டார். மேசையில் நின்ற பிள்ளைக்குப் பதினெட்டு வயதிருக்கும், கோடை விடுமுறைக்கு வேலை செய்கிறவள். அம்மாவின் கடவுச்சீட்டை வாங்கிப் பார்க்கவுமில்லை. திறப்பை அம்மாவின் கையிலேயே கொடுத்தாள்.

முதலிரவு அம்மா சரியாக நித்திரை கொள்ளவில்லை. இரண்டாம் நாள் ஏரிக்கரைக் கதிரையில் இருந்து பின்னேரம் முழுவதும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் இரவு கழிந்து, பதினொரு மணிக்கு அறையை விடவேண்டும் என்று நான் பெட்டிகளைக் கட்டும்போது, வாசலில் வந்து நின்றார்.

“தம்பி, இன்னும் ஒரு நாள் நிக்கலாமோ எண்டு அந்தப் பிள்ளையிட்டைக் கேட்டுப் பார்.”

கேட்டேன். அறை இருந்தது.